குறுகிய விமானப் பயணத்துக்கு எந்த முதுகுப்பை வாங்கலாம்?

உங்கள் கேள்வி இது: மாதம் இரண்டு முறை விமானத்தில் போகிறீர்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரப் பயணம்தான். போன இடத்தில் இரண்டு மூன்று இரவு தங்கல், கூடவே லேப்டாப். இதுவரை சக்கரம் வைத்த சின்னப் பெட்டியை இழுத்துக்கொண்டு போனீர்கள், இனி முதுகுப்பைக்கு மாறலாம் என்று நினைக்கிறீர்கள். நண்பர் ஒருவர் 45 லிட்டர் வாங்கச் சொல்கிறார், இன்னொருவர் 30 போதும் என்கிறார். யார் சொல்வது சரி?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்லும் பயணத்துக்கு 28 முதல் 35 லிட்டர் வரை உள்ள பை போதும். ஆனால் லிட்டரை வைத்துப் பையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பார்க்க வேண்டிய எண்கள் இரண்டுதான்: நிரம்பிய பிறகு பையின் தடிமன் எவ்வளவு, காலியாக இருக்கும்போது அதன் எடை எவ்வளவு. இந்த இரண்டும் சரியாக அமைந்தால் மற்றதெல்லாம் அவரவர் வசதி. இதில் ஒன்று தவறினாலும், துணி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பாக்கெட்டுகள் எவ்வளவு அழகாக இருந்தாலும், என்றாவது ஒருநாள் விமானம் ஏறும் கேட்டில் உங்கள் பையை வாங்கிச் சரக்கு அறைக்கு அனுப்பிவிடுவார்கள்.

எந்த விமான நிறுவனமும் லிட்டர் பார்ப்பதில்லை. மூன்று பக்கங்களின் அளவையும், பல நிறுவனங்களில் எடையையும்தான் பார்க்கிறார்கள். யுனைடெட், டெல்டா, அமெரிக்கன் மூன்றும் 22 × 14 × 9 அங்குலம் என்கின்றன, அதாவது ஏறக்குறைய 56 × 36 × 23 செ.மீ. லுஃப்தான்சாவில் 55 × 40 × 23 செ.மீ., எடை 8 கிலோ. இண்டிகோவில் 55 × 35 × 25 செ.மீ., 7 கிலோ. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மூன்று பக்கத்தையும் கூட்டினால் 115 செ.மீ. தாண்டக்கூடாது என்கிறது, எகானமியில் எடை 7 கிலோ. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 56 × 45 × 25 செ.மீ. வரை விடுகிறது, எடையிலும் 23 கிலோ வரை தாராளம். ஐரோப்பாவின் மலிவு விமானங்கள் வேறு உலகம். அங்கே இலவசமாக அனுமதிப்பது முன் இருக்கைக்கு அடியில் போகும் சின்னப் பையை மட்டும்தான். ஈஸிஜெட்டில் 45 × 36 × 20, விஸ் ஏரில் 40 × 30 × 20 செ.மீ. ரயன்ஏர் 2025-இல்தான் 40 × 25 × 20-இலிருந்து 40 × 30 × 20-க்கு ஏற்றியது. இந்த விதிகள் அடிக்கடி மாறும் என்பதால், ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் அந்த நிறுவனத்தின் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இந்த எண்களைப் பெருக்கிப் பாருங்கள். விஸ் ஏரின் கணக்கில் 24 லிட்டர் வருகிறது. ஈஸிஜெட்டில் 32 லிட்டரைத் தொடுகிறது. அமெரிக்க நிறுவனங்களின் அளவில் 46 லிட்டர். ஆகவே ‘கேபினுக்கு ஏற்ற 40 லிட்டர் பை’ என்று விளம்பரத்தில் வந்தால், எந்த நிறுவனத்தின் கேபின் என்று கேட்காமல் அதற்குப் பொருளே இல்லை. உங்கள் நண்பர்கள் இருவரும் சொல்வது அவரவர் பறக்கும் விமானத்துக்குச் சரியாகவே இருக்கலாம். நீங்கள் அடிக்கடி போகும் இரண்டு மூன்று நிறுவனங்களின் அளவை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் ஆகக் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண்தான் உங்கள் பையின் எல்லை.

அப்படி எழுதிப் பார்த்தால் இன்னொன்றும் கண்ணில் படும். தலைக்கு மேலுள்ள பெட்டிக்கான பைகளில் உயரம் எல்லோருக்கும் 55, 56 என்றே வருகிறது. தடிமன்தான் 20-இலிருந்து 25 வரை மாறுகிறது. முதுகுப்பையில் நீங்கள் பொருளை அடைக்க அடைக்க மாறும் பக்கமும் அதுவேதான். உயரமும் அகலமும் தையலிலேயே முடிவாகிவிடும். தடிமன் மட்டும் அடைப்பவர் கையில் இருக்கிறது. கடை அட்டையில் 20 செ.மீ. என்று அச்சிட்டிருக்கும், நீங்கள் ஒரு ஜாக்கெட்டைத் திணித்த பிறகு அது 27 ஆகியிருக்கும்.

எனக்கு இது பணம் கொடுத்துக் கற்ற பாடம். சில ஆண்டுகளுக்கு முன் 40 லிட்டர் பை ஒன்று வைத்திருந்தேன், அட்டையில் எல்லா அளவும் விதிக்குள்தான். முன்பக்கத்தில் பெரிய பாக்கெட் ஒன்று, அதில் சார்ஜர், சோப்புப் பை, மடித்த ஸ்வெட்டர் எல்லாம் வைத்திருந்தேன். கேட்டில் அளவு பார்க்கும் கூண்டில் வைக்கச் சொன்னார்கள். பை முக்கால்வாசி இறங்கி நின்றுவிட்டது. ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டு, சார்ஜரைச் சட்டைப் பையில் போட்டு, திரும்ப அழுத்தியும் இறங்கவில்லை. பின்னால் வரிசை நின்றது. கட்டணம் கட்டினேன், பை கீழே போனது. இறங்கிய இடத்தில் அதற்காக நாற்பது நிமிடம் நின்றேன். பை வாங்கும்போது நான் படித்த எந்த விமர்சனமும் நிரம்பிய பையின் தடிமனைச் சொல்லவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

தடிமனைக் கட்டுப்படுத்தும் பையை எப்படி அடையாளம் காண்பது? முன்பக்கப் பாக்கெட் தட்டையாக, பையின் உடலோடு ஒட்டி இருக்க வேண்டும். வெளியே தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும் பாக்கெட் வேண்டாம். பக்கவாட்டில் இரண்டு பக்கமும் இறுக்கும் பட்டைகள் இருக்கட்டும், மேலே ஒன்று கீழே ஒன்று என்று. அவற்றை இழுத்தால் முன்பக்கம் முதுகுப் பக்கத்தை நோக்கி வர வேண்டும். சில பைகளில் இந்தப் பட்டை வெறும் அலங்காரமாக இருக்கும், இழுத்தால் துணி சுருங்குமே தவிரப் பை மெலியாது. கடையில் உள்ளே எதையாவது அடைத்து இழுத்துப் பாருங்கள். ஜிப்பைத் திறந்தால் விரியும் பைகளும் வருகின்றன. வாங்கிய பொருளோடு திரும்பி வரும்போது அந்த வசதி கைகொடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் விரித்த நிலையில் அது கேபின் பையே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். விரியும் வசதி இருந்தால் மனம் அதை நிரப்பவே பார்க்கும்.

லிட்டரை நம்பாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிறிய பிளாஸ்டிக் உருண்டைகளால் பையை நிரப்பி, பிறகு அவற்றை அளந்து கொள்ளளவு சொல்லும் தரமுறை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எல்லா நிறுவனமும் அதைப் பின்பற்றுவதில்லை. ஒருவர் தண்ணீர் பாட்டில் பாக்கெட்டையும் சேர்த்துச் சொல்வார், இன்னொருவர் பெரிய அறையை மட்டும் சொல்வார். ஒரே 35 லிட்டர் என்று எழுதிய இரண்டு பைகளில் ஒன்றில் மூன்று நாள் துணி தாராளமாகப் போகும், மற்றதில் இரண்டு நாள் துணிக்கே முழங்கால் வைத்து அழுத்த வேண்டும்.

சரி, எடைக்கு வருவோம். எட்டுக் கிலோ, ஏழு கிலோ என்று எடை பார்க்கும் நிறுவனத்தில் பறப்பவருக்குத் தடிமனைவிட இது பெரிய விஷயம். உங்களைப் போல மூன்று நாள் போகிறவரின் பையில் என்ன இருக்கும்? லேப்டாப்பும் அதன் சார்ஜரும் 1.7 கிலோ. மூன்று சட்டை 600 கிராம். ஒரு பேன்ட் 500. உள்ளாடை, காலுறை 400. குளியல் சாமான் 500. இலேசான செருப்போ காலணியோ ஒரு ஜோடி 500. பவர் பேங்க், போன் சார்ஜர், ஹெட்போன் சேர்த்து 500. காலித் தண்ணீர் பாட்டில் 200. கூட்டினால் 4.9 கிலோ. இதில் ஆடம்பரமாக ஒன்றுமே இல்லை. பை மட்டும் 2 கிலோ என்றால் மொத்தம் 6.9. ஏழு கிலோ எல்லைக்கு நூறு கிராம்தான் மிச்சம், போன இடத்தில் ஒரு புத்தகம் வாங்கினால்கூடத் தாண்டிவிடும். அதே பை 1.1 கிலோ என்றால் முழுதாக ஒரு கிலோ கையில் இருக்கிறது.

இரண்டு கிலோ பை எல்லாம் உண்டா என்று கேட்கலாம். நிறைய உண்டு. புகைப்படக்காரர்களும் லேப்டாப் வேலை செய்பவர்களும் விரும்பி வாங்கும் பீக் டிசைன் பயணப் பையின் 45 லிட்டர் வகை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். ஏயர் ட்ராவல் பேக் 3 சுமார் 1.9 கிலோ. இரண்டும் அருமையான தையல், வருடக்கணக்கில் உழைக்கும், உள்ளே ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம். ஆனால் அந்தத் தடித்த துணி, அடர்ந்த ஃபோம், எண்ணற்ற ஜிப் எல்லாவற்றையும் நீங்கள்தான் தராசில் வைக்கிறீர்கள். மறுமுனையில் கேபின்ஜீரோவின் 44 லிட்டர் கிளாசிக் முக்கால் கிலோ அளவில்தான் இருக்கிறது. அதில் உறுதியான முதுகுச் சட்டம் கிடையாது, ஒழுங்காக அடுக்காவிட்டால் உருண்டை ஆகிவிடும். நடுவில் ஆஸ்ப்ரே ஃபார்பாயிண்ட் 40, அதன் பெண்களுக்கான வகை ஃபேர்வியூ 40, இவை ஒன்றரைக் கிலோவை ஒட்டி நிற்கின்றன. முதுகில் தாங்கும் விதத்தில் இந்த விலை வரிசையில் இவற்றை மிஞ்சுவது கடினம், மலையேற்றப் பைகள் செய்தே பழகிய நிறுவனம் என்பது பட்டைகளில் தெரியும். எடை பார்க்காத விமானத்தில் மட்டும் பறப்பவர் என்றால் பீக் டிசைனையோ ஏயரையோ தயங்காமல் வாங்கலாம். ஏழு கிலோக்காரர் என்றால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் ஒரு பையைக் கையில் எடுக்கவே வேண்டாம். 1 கிலோ முதல் 1.3 கிலோ வரை இருந்தால் மிகவும் நல்லது.

சக்கரப் பெட்டியோடு ஒப்பிட்டால் முதுகுப்பையின் உண்மையான லாபமும் இங்கேதான் இருக்கிறது. பெட்டியில் சக்கரமும் இழுக்கும் கம்பியும் அவற்றைத் தாங்கும் சட்டமும் எடையைத் தின்பதோடு உள்ளிடத்தையும் தின்கின்றன. கேபின் அளவுப் பெட்டிகள் பல காலியாகவே இரண்டரைக் கிலோவை நெருங்கும். அதே வெளியளவில் முதுகுப்பைக்குள் கூடுதலாகப் பொருள் போகும். ஆனால் தோளிலோ இடுப்பிலோ வலி உள்ளவர் யாருடைய பேச்சையும் கேட்டுச் சக்கரத்தைக் கைவிட வேண்டாம். ஏழு கிலோவை முதுகில் வைத்து அரை மணி நேரம் வரிசையில் நிற்பதும் ஒரு வேலைதான். அதை உடம்பு ஏற்கவில்லை என்றால் இலேசான இரண்டு சக்கரப் பெட்டியே சரி.

குறுகிய பயணத்துக்கு இன்னொரு விஷயம் உண்டு, நீண்ட பயணத்தில் அது அவ்வளவாகத் தலைகாட்டாது. சின்ன ஊர்களுக்குப் பறக்கும் விமானங்கள் பெரும்பாலும் சின்னவை. ஏடிஆர் 72 போன்ற புரொப்பல்லர் விமானத்தில் பக்கத்துக்கு இரண்டு இருக்கைகள், மேலே உள்ள பெட்டிகள் குட்டையானவை. 55 செ.மீ. உயரமுள்ள உறுதியான பெட்டி பல சமயம் அதில் ஏறாது, ஏணிக்கு அருகிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். மெல்லிய முதுகுப்பை அதே இடத்தில் படுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் முன் இருக்கைக்கு அடியில் போகும். ஏ320, போயிங் 737 போன்றவற்றில் சுமார் 180 பேர் ஏறுகிறார்கள். எல்லோரிடமும் பெட்டி இருந்தால் மேலே இடம் போதாது, கடைசியாக ஏறுபவருக்கு இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். அப்போது 45 செ.மீ. உயரத்துக்குள் அடங்கும் 28 லிட்டர் பை வைத்திருப்பவர் கவலையே இல்லாமல் அதைக் காலடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிடுவார். இரண்டு இரவுக்கு மேல் அதிகம் தங்காதவர் என்றால் இந்தச் சின்ன அளவையே நான் சொல்வேன். மூன்று நான்கு இரவு என்றால் 35-க்குப் போகலாம். காலை நீட்ட இடம் குறையும் என்பது இதன் விலை. கேபினின் முதல் வரிசையில் இருக்கை கிடைத்தால் முன்னால் இருக்கையே இல்லை என்பதால் பையை எப்படியும் மேலேதான் வைக்க வேண்டியிருக்கும். பல விமானங்களில் அவசர வழி வரிசையிலும் இதே கதைதான். இருக்கை தேர்ந்தெடுக்கும்போது அதையும் நினைவில் வையுங்கள்.

இனி முதுகு. உங்கள் உயரத்தை வைத்துப் பையைப் பொருத்தாதீர்கள், முதுகின் நீளத்தைத்தான் பார்க்க வேண்டும். தலையைக் குனிந்தால் கழுத்துக்குக் கீழே ஓர் எலும்பு துருத்தும். அங்கிருந்து இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கு நேரான இடம் வரை டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். உயரமானவருக்கும் முதுகு குட்டையாக இருக்கும், குள்ளமானவருக்கும் நீளமாக இருக்கும். பட்டை தொடங்கும் இடத்தை ஏற்றி இறக்கும் வசதி உள்ள பை என்றால் இந்தக் கவலை பாதி குறையும். தோள் பட்டை தோளின் வளைவோடு இடைவெளி இல்லாமல் படிய வேண்டும். மார்புக்குக் குறுக்கே வரும் சின்னப் பட்டை கண்டிப்பாக இருக்க வேண்டும், தோள் பட்டைகள் வெளிப்பக்கமாக வழுக்காமல் பிடித்து வைப்பது அதுதான். இடுப்புப் பட்டை பற்றிப் பலர் கேட்கிறார்கள். எட்டு கிலோவுக்குள், விமான நிலையத்துக்குள்ளும் சாலையிலும் சிறிது தூரம் நடப்பதற்கு, தடித்த இடுப்புப் பட்டை தேவையில்லை என்பது என் கருத்து. அது இருக்கையில் மாட்டும், ஸ்கேனர் தட்டில் தொங்கும், கூடுதல் எடையும்கூட. கழற்றி எடுக்கக்கூடியது என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

முதுகு வலிக்கும் பைகளைக் கவனித்தால் பெரும்பாலும் ஒரே குறைதான் தெரியும், கனமான பொருள் தப்பான இடத்தில் இருக்கும். லேப்டாப் அறையைச் சில நிறுவனங்கள் முன்பக்க மூடியில், அதாவது முதுகிலிருந்து ஆகத் தள்ளி வைக்கின்றன. பாதுகாப்புச் சோதனையில் எடுக்க எளிது என்பது அவர்கள் சொல்லும் காரணம். ஆனால் பையிலேயே கனமான ஒற்றைப் பொருள் லேப்டாப்தான். அது முதுகிலிருந்து விலக விலக உங்களைப் பின்னால் இழுக்கும், அதைச் சமன் செய்ய நீங்கள் முன்னால் குனிவீர்கள். கையை உடம்போடு ஒட்டி ஒரு வாளியைப் பிடிப்பதற்கும் நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. லேப்டாப் அறை முதுகை ஒட்டித்தான் இருக்க வேண்டும். அதன் அடிப்பகுதி பையின் அடித்துணியைத் தொடாமல் இரண்டு விரல் மேலே தொங்க வேண்டும். தொட்டால், நீங்கள் பையைத் தரையில் வைக்கும் ஒவ்வொரு முறையும் லேப்டாப்பின் மூலைதான் தரையில் மோதும். கடையில் கையை உள்ளே விட்டு அடியைத் தொட்டுப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். இந்த ஒன்றில் தோற்கும் பையை வேறு எந்தச் சிறப்புக்காகவும் வாங்காதீர்கள்.

திறக்கும் விதம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேலே மட்டும் திறக்கும் பை மலையேற்றத்துக்கு, பெட்டி போல மூன்று பக்கமும் ஜிப் ஓடி விரிந்து திறக்கும் பை விமானத்துக்கு. அடியில் இருக்கும் காலுறைக்காகக் கேட் முன்னால் எல்லாவற்றையும் வெளியே கொட்ட வேண்டியதில்லை.

சோதனை வரிசையில் கை போக வேண்டிய பொருள்கள் இரண்டு. ஒன்று லேப்டாப், மற்றது திரவப் பை. 100 மி.லி. குப்பிகளை ஒரு லிட்டர் அளவு தெளிந்த பைக்குள் வைக்கும் விதி 2006-இல் திரவ வெடிபொருள் சதி ஒன்று பிரிட்டனில் பிடிபட்ட பிறகு வந்தது. பைக்குள் இருப்பதை முப்பரிமாணமாகக் காட்டும் புதிய சி.டி. ஸ்கேனர் வந்த சில விமான நிலையங்களில் எதையும் வெளியே எடுக்கச் சொல்வதில்லை, ஆனால் திரும்பி வரும் விமான நிலையத்திலும் அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே திரவப் பைக்கு மேல்பக்கத்தில் தனியாக ஒரு சின்ன அறை இருந்தால் ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் மிச்சம்.

மூன்றாவதாகப் பவர் பேங்க். இதைப் பற்றிப் பை வாங்கும்போது யாரும் யோசிப்பதில்லை, நான் யோசிக்கச் சொல்கிறேன். பவர் பேங்க் சரக்கு அறைக்குப் போகவே கூடாது, கேபினில்தான் இருக்க வேண்டும். 100 வாட்-மணி (பேட்டரி சேமிக்கும் மின்னாற்றலின் அளவு) வரை பொதுவாகத் தனி அனுமதி வேண்டியதில்லை, 100-இலிருந்து 160 வரை நிறுவனத்திடம் கேட்க வேண்டும். 20,000 எம்.ஏ.எச். என்று எழுதியிருந்தால் 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட்-மணி, கவலையில்லை. 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒன்று புறப்படுவதற்கு முன்பே தீப்பிடித்து எரிந்தது. உள்ளே இருந்த எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். பவர் பேங்க் ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று விசாரணையில் கருதப்பட்டது. அதற்குப் பிறகு தென்கொரியாவிலும் வேறு பல நிறுவனங்களிலும் பவர் பேங்கைத் தலைக்கு மேலுள்ள பெட்டியில் வைக்காதீர்கள், கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத் தொடங்கினார்கள். பைக்கு இதனால் என்ன? வெளிப்பக்கத்தில், பெரிய ஜிப்பைத் திறக்காமலே கை போகும் ஒரு பாக்கெட் வேண்டும். கேட்டில் திடீரென்று பையை வாங்கிச் சரக்கில் போடப்போகிறார்கள் என்றாலும் ஐந்தே நொடியில் பவர் பேங்கை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். பாஸ்போர்ட், மாத்திரை ஆகியவற்றுக்கும் அதே பாக்கெட். அது முதுகுப் பக்கமோ மேல்பக்கமோ இருந்தால் கூட்டத்தில் பிறர் கை போகாது.

மற்ற பாக்கெட்டுகளைப் பொறுத்தவரை, குறைவாக இருப்பதே நல்லது. ஒவ்வொரு பாக்கெட்டும் பெரிய அறையிலிருந்து இடத்தைப் பிடுங்கித்தான் உருவாகிறது, காற்றிலிருந்து வருவதில்லை. இரண்டு துணிப் பைகளை வாங்கி உள்ளே அடுக்கிக்கொண்டால் பத்துப் பாக்கெட் செய்யும் வேலையை அவை செய்யும். உள்துணி வெளிர் நிறத்தில் இருக்கட்டும். கறுப்பு உள்துணியில் கறுப்பு சார்ஜரைத் தேடுவது வீண் வேலை.

துணிக்கு வந்தால், அட்டையில் 420 டி, 840 டி, 1680 டி என்று எழுதியிருப்பார்கள். டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். எண் கூடினால் நூல் தடிப்பு, துணி உறுதி, எடையும் கூட. மாதம் இரண்டு முறை கேபினுக்குள் போகும் பைக்கு நல்ல நெசவில் 300, 400 டெனியர் நைலான் தாராளம். 1680 பாலிஸ்டிக் நைலான், சரக்கு அறையில் தூக்கி எறியப்படும் பைக்குப் பொருந்தும். உள்பக்கம் பூசியிருக்கும் பாலியூரித்தேன் பூச்சு ஈரக் காற்றில் வருடங்கள் போகப்போகப் பிசுபிசுத்து உரியும். பையை மூடிய அலமாரியில் அடைக்காமல் காற்றாட வைத்தால் நீண்ட நாள் வரும். ஜிப்தான் பையில் முதலில் உடையும் உறுப்பு. பெரிய அறைக்கு எட்டாம் எண், பத்தாம் எண் அளவு ஜிப் இருந்தால் நல்லது, எண் கூடினால் ஜிப்பின் பல் வரிசை அகலம். ஒய்கேகே என்ற ஜிப் நிறுவனத்தின் பெயர் இழுக்கும் பிடியில் பொறித்திருந்தால் ஓரளவு நம்பலாம். மூலை வளைவில் ஜிப் தடையில்லாமல் ஓடுகிறதா என்று கடையிலேயே ஐந்தாறு முறை திறந்து மூடிப் பாருங்கள், அங்கேதான் மாட்டும்.

வாங்கிய பிறகு அட்டையைக் கிழிக்காமல் வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். பெரும்பாலான கடைகள் சில நாட்களுக்குள் திருப்பி எடுத்துக்கொள்ளும். உண்மையில் கொண்டுபோகப்போகும் பொருளையே அடுக்கி, பட்டைகளை இறுக்குங்கள். பையின் முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்து, எதிர்ப்பக்கத்தில் ஒரு தடித்த புத்தகத்தை நிமிர்த்தி பையோடு ஒட்டுங்கள். சுவருக்கும் புத்தகத்துக்கும் இடையே டேப் காட்டும் அளவுதான் உங்கள் தடிமன். தாளில் எழுதிய குறைந்த எண்ணைவிட அது ஒரு சென்டிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். பிறகு எடை பார்க்கும் மிஷினில் பையோடு ஒருமுறை, பையில்லாமல் ஒருமுறை ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். கடைசியாக அதை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கி இருபது நிமிடம் நடங்கள். பதினைந்தாவது நிமிடத்தில் கை தானாகப் பட்டையை இழுத்துச் சரிசெய்யத் தொடங்கினால், அந்தப் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.